கடுக்காய்மேட்டுக்கு ஏறிய வண்டி

காயலான் கடைக்காரர் பிக்கப் வண்டியின் பக்கத் தகட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். தர்பூசணி வாங்குபவரின் முகபாவம் அவரிடம் இருந்தது. தட்டிய இடத்திலிருந்து துரு உதிர்ந்து அவருடைய செருப்பின்மீதே விழுந்தது.

"இத எடை போட்டுதான்க்கா எடுக்க முடியும்," என்றார் அவர், தம்மை அழைத்து வந்த மலர்விழியிடம்.

"யாரக் கேட்டு எடை போடற?" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குரலைத் தொடர்ந்து எண்ணெய் படிந்த தலை வெளிப்பட்டது, தலையைத் தொடர்ந்து தங்கதுரை வெளிப்பட்டார்.

தியாகதுருகத்தில் அந்த டீசல் வண்டியை அறியாதவர் இலர். மகளிர் குழுக் கடனில் மனைவி மலர்விழியின் பெயரில் வாங்கப்பட்ட அது, நெல்லையும் மரவள்ளிக்கிழங்கையும் மணமக்களையும் சலிக்காமல் சுமந்த பெருமை உடையது. எனினும் அண்மைக் காலமாகத் தங்கதுரை அதற்குள் அமர்ந்திருந்த நேரத்தைவிட அதற்கு அடியில் படுத்திருந்த நேரமே மிகுதி.

"ஓடறது கம்மி, நீங்க அடியில படுத்துக்கினு இருக்கறதுதான் ஜாஸ்தி," என்றாள் மலர்விழி. "வூட்டுக்கு யாராச்சும் வந்தா உங்க காலத்தான் காட்ட வேண்டியிருக்குது."

"இன்னா பேச்சு பேசற? இந்த வண்டி ஏறாத எடம் உண்டா?"

மலர்விழி சிந்திப்பவள்போல் சற்றே தலைசாய்த்தாள். பின்னர் கடைக்காரரைப் போகச் சொல்லிக் கையசைத்தாள்.

"அப்ப ஒன்னு பண்ணுங்க. கடுக்காய்மேட்டுச் சின்னப்பொண்ணு திருவிழாவுக்குக் கூப்ட்டுக்கினே கீது. அவ வூட்டு வாசல் வரைக்கும் இத ஏத்திக் காட்டுங்க. அதுக்கப்புறம் காயலான் கடைங்கற பேச்சே என் வாயில வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சின்னப்பொண்ணு மலையில் மரவள்ளி பயிரிடுபவள். சந்தைக்கு வரும்போதெல்லாம் மலர்விழியிடம் ஒரு குவளை மோர் அருந்தாமல் திரும்பாதவள். அவளுடைய கடுக்காய்மேடோ கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், தார்ச்சாலை மனம் தளர்ந்து முடிந்துபோன இடத்திற்கும் மேலே இருந்தது. அங்கே ஓர் ஓடையும் ஒரு பாறைச் சரிவும் உண்டு. பாதை என்று சொல்லத்தக்கது இல்லை.

வண்டியின் உயிர் அந்தச் சரிவில் தொங்கிற்று. தங்கதுரை அன்றே மூங்கில்துறைப்பட்டுக்கு விரைந்தார்.

அங்கே பட்டறை வைத்திருந்த பச்சமுத்து, கரும்பு டிராக்டர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர். உலகின் வாகனங்கள் அனைத்தும் கரும்பு ஏற்றவே பிறந்தன என்பது அவருடைய உறுதியான கருத்து.

"அண்ணே, பின்னாடி ஸ்பிரிங் பட்டை படுத்துடுச்சு. மலைக்கல்லு அடிவயித்தக் கிழிச்சுடும். கரும்பு டிரெய்லர் பட்டைய ரெண்டு சொருவிட்டா, ஜம்முனு நிக்கும்."

அவ்வாறே சொருகப்பட்டது. வண்டியின் பின்புறம் வானை நோக்கி உயர்ந்தது. முன்புறம் மண்ணை நோக்கித் தாழ்ந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் தங்கதுரை இருக்கையிலிருந்து வழுக்கி ஸ்டியரிங்கைத் தழுவியபடியே வந்தார்.

"இன்னாங்க, வண்டி எல்லாரையும் கும்புட்டுக்கினு வருது?" என்றாள் மலர்விழி.

மறுநாள் முன்புறமும் உயர்த்தப்பட்டது. பெரிய டயர்களும் பூட்டப்பட்டன. வண்டி இப்போது கம்பீரத்தின் வடிவமாக நின்றது. ஆனால் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் நுழைய மறுத்தது. வண்டியைத் தாழ்த்துவது தம் கொள்கைக்கு ஒவ்வாததால் தங்கதுரை கூரையைப் பிரித்தார். அன்றிரவே மழை பெய்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

"இதுல நான் எப்படிங்க ஏறுவேன்?"

"சமையக்கட்டு ஸ்டூலக் கயித்துல கட்டிக்கலாம்."

"ஸ்டூலு ஆடும். ரெண்டு பக்கமும் நல்ல படியா வெல்டிங் வச்சிடுங்க. யார் ஏறி எறங்கினாலும் சௌகரியமா இருக்கணும் இல்ல?"

தங்கதுரை நெகிழ்ந்தார். வண்டியின் மீது மனைவிக்கு இத்துணைப் பரிவு பிறக்கும் என்று அவர் கனவிலும் எண்ணியதில்லை. அவளோ அத்துடன் நிற்கவில்லை. ஆரனைப் பழுது பார்க்கச் சொன்னாள், இருக்கைக்குப் புதிய உறை தைத்துக் கொடுத்தாள், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யையும் காலம் தவறாமல் புதுப்பிக்கச் செய்தாள்.

"கண்ணாலம் ஆன நாள்லேருந்து அவ இவ்ளோ பாசமாப் பேசினதே இல்லடா," என்று பச்சமுத்துவிடம் தழுதழுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே, ஓடையில இன்ஜின் தண்ணியக் குடிச்சிடுச்சுன்னா அதோட கதை முடிஞ்சிடும். காத்து இழுக்கற வாய மேல தூக்கணும்."

வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வண்டியின் பக்கவாட்டில் கொடிமரம்போல் நாட்டப்பட்டது. அக்கொடிமரம் தெருவில் நுழைந்ததும் கேபிள் ஒயரைக் கோத்து இழுத்துக்கொண்டு சென்றது. வீடுதோறும் தொலைக்காட்சிகள் ஒருசேர அணைந்தன.

எதிர்வீட்டு இசைவாணி கரண்டியுடன் வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா நீ! கல்யாண சீன்ல போயி ஒயர அறுத்துட்டியே! அவன் தாலி கட்டினானா இல்லியான்னு தெரியாம தெருவே தவிச்சுக்கினு நிக்குது!"

"கட்டிட்டாம்மா, கட்டிட்டான்," என்றார் தங்கதுரை, தெருவை அமைதிப்படுத்தும் பொருட்டு.

"யார?"

தங்கதுரை கேளாதவர்போல் குழாயிலிருந்து ஒயரை அவிழ்க்கத் தொடங்கினார்.

குழாய் குட்டையாக்கப்பட்டு, அதன் வாய் முன்னோக்கித் திருப்பப்பட்டது. அடுத்த முறை சர்க்கரை ஆலைப்பக்கம் சென்றபோது, காற்றில் பறந்த கரும்புச் சக்கைத் தூள் முழுவதையும் அது பேராவலுடன் விழுங்கிற்று. வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, பட்டறை வாசலில் மூச்சடைத்து நின்றது.

"வாய மூடணும், ஆனா காத்து போவணும்," என்றார் பச்சமுத்து.

மலர்விழி வீட்டிலிருந்த தேநீர் வடிகட்டியை மறுப்பின்றி எடுத்துக் கொடுத்தாள். அது குழாயின் வாயில் கம்பியால் கட்டப்பட்டது. அன்று முதல் அவ்வீட்டில் தேநீர் தூளுடனேயே பருகப்பட்டது.

இறுதியாக, வழியில் நேரக்கூடிய இடர்கள் அனைத்திற்கும் பொருள்கள் திரட்டப்பட்டன. உதிரிச் சக்கரங்கள், இரும்புச் சங்கிலி, ஜாக்கி, கடப்பாரை, டீசல் கேன், தண்ணீர்க் கேன், மணல் மூட்டைகள், ஒரு மரக்கட்டை. கடைசி மூட்டை ஏறியதும் டிரெய்லர் பட்டைகள் பெருமூச்சு விட்டு அமுங்கின. பச்சமுத்து குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். பின்னர் கையை நுழைத்துச் சாண் வைத்து அளந்தார்.

"இன்னாடா?"

"மொதல்ல எவ்ளோ ஒசரம் இருந்துச்சோ, அதே ஒசரத்துக்கு வந்துடுச்சுண்ணே."

எனினும் திருவிழா நாள் விடிந்துவிட்டது. கணவனும் மனைவியும் கச்சிராயபாளையம் வழியே மலை ஏறினர். கொண்டையூசி வளைவுகளை வண்டி முணுமுணுத்துக்கொண்டே கடந்தது. வெள்ளிமலை கடந்தது, தார்ச்சாலை முடிந்தது, ஓடை குறுக்கிட்டது. நீர் கதவின் விளிம்பைத் தொட்டபோதும் கொடிமரம் வடிகட்டி வழியே காற்றை உறிஞ்ச, வண்டி ஓர் எருமையின் நிதானத்தோடு அக்கரையை அடைந்தது.

"கெட்டிக்கார வண்டிதான்," என்று மலர்விழி தன்னையறியாமல் கூறினாள்.

பாறைச் சரிவில் அது நின்றது. சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. சங்கிலியைக் கட்டலாம் என்றால் அது எந்த மரத்தையும் எட்டவில்லை. மணலைக் கொட்டினால் அது சரிந்து ஓடைக்குத் திரும்பிற்று. மரக்கட்டை முட்டுக்கொடுத்த கணமே உருண்டு, வந்த வழியே ஊர் திரும்பியது.

தங்கதுரை நெற்றியைத் துடைத்தார். காயலான் கடைக்காரரின் விரல் தகட்டைத் தட்டும் ஓசை அவருடைய செவிகளில் ஒலித்தது.

"எல்லாத்தையும் எறக்குங்க," என்றாள் மலர்விழி.

"எல்லாத்தையுமா?"

"சுமையாலதான் அது முக்குது. எறக்குங்கன்றேன்!"

கேன்களும் மூட்டைகளும் கடப்பாரையும் பாதையோரம் இறங்கின. ஜாக்கியைத் தூக்கியபோது மட்டும் அவள் அலறினாள்.

"ஜாக்கிய வுட்டுடுங்க! ஸ்டெப்னியும் ஒன்னு இருக்கட்டும். அதெல்லாம் வண்டியோட போவணும்."

சுமை குறையக் குறைய வண்டி நிமிர்ந்தது. தங்கதுரை முதல் கியரைப் போட்டார். பழைய இன்ஜின் தன் வயதை மறந்து, ஆழ்ந்த குரலில், அவசரமே இன்றி உறுமியது. ஒரு சக்கரம் பாறையைப் பற்றியது. பின்னர் மற்றொன்று பற்றியது. புத்தம்புது வண்டிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தச் சரிவில், துருப்பிடித்த அவ்வண்டி ஓர் அடியும் பின்வாங்காமல் ஏறிற்று. பின்னால் நடந்துவந்த மலர்விழி புகையிலும் நின்று கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் கபடம் சிறிதும் இல்லை.

கடுக்காய்மேட்டில் மேளம் நின்றது. ஊரே திரண்டு வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தது. சின்னப்பொண்ணு ஓடோடி வந்து மாலையிட்டாள். வண்டியைச் சுற்றி வந்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள். படியில் கால்வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஆரனை அழுத்தி மகிழ்ந்தாள்.

தங்கதுரை சாவியை விரலில் சுழற்றியவாறு ஊரார் முன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியாம்மா சின்னப்பொண்ணு? வண்டின்னா இதுதான் வண்டி! இனிமே இத என்கிட்டேருந்து யாரும் பிரிக்க முடியாது. எங்க வூட்டம்மாவே சத்தியம் பண்ணியிருக்குது!"

மலர்விழி கோயில் கோபுரத்தைப் பக்தியுடன் நோக்கத் தொடங்கினாள்.

"நல்ல வண்டிதாண்ணா," என்று சின்னப்பொண்ணு இருக்கையை விட்டு இறங்காமலேயே கையை நீட்டினாள். "சாவியக் குடுத்துட்டு சாப்ட வாங்க, போன மாசம் அக்கா இத எனக்கு வித்தப்பவே நான் கண்டிசனா சொல்லிட்டேன், எங்க வூட்டு வாசல் வரைக்கும் ஏறிக் காட்டினாதான் வாங்கிக்குவேன்னு!"