பட்டாணி வாசனை

மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு ஆள் வருகிறது. ஐஸ்கிரீமில் இன்னும் பட்டாணி வாசனை அடித்தது.

மேலாளர் அம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“தாளிச்சுக் கொட்டினா நல்லா இருக்கும்” என்றார்.

பாலே சேர்க்காமல், பட்டாணியிலிருந்து பிரித்த புரதத்தில் ஐஸ்கிரீம். எட்டு மாத வேலை. ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்கிறவருக்கே பட்டாணி என்று பெயர் விழுந்துவிட்டது. மருத்துவமனை கேன்டீன்களுக்குக் கொள்முதல் செய்யும் அம்மையார் இன்று ருசி பார்க்கிறார். பிடித்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால் பட்டாணி திங்கட்கிழமை முதல் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில்.

அளவுகோல் ஒன்றுதான். தெருமுனைக் கடையின் பால் ஐஸ்கிரீம். தினமும் ஒரு டப்பா வாங்கிவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

“பால்னா அது பால். நாக்குல வெண்ணெய் மாதிரி நிக்குது” என்றார் மேலாளர். “உங்களோடதுல பட்டாணி நிக்குது.”

சொல்லிவிட்டு, வரப்போகிற அம்மையாரை வரவேற்கக் கீழே போனார்.

வாசனையை அமுக்கப் பட்டாணி வெனிலா ஊற்றினார். கசந்தது. கசப்புக்குச் சர்க்கரை கொட்டினார். சர்க்கரை கூடியதில் உறைய மறுத்தது. கெட்டிப்பட இரண்டு கரண்டி புரதப்பொடி போட்டு, இயந்திரத்தை வேகமாக ஓட்டினார். நுரைத்தது. மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. மேசையில் வழிந்து, தரைக்கு இறங்கி, கதவை நோக்கி நடந்தது.

மணி மூன்று ஐம்பது. உறைபெட்டியில் இன்றைய கடை டப்பா பிரிக்காமல் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்தார்.

அம்மையார் முதல் வாய் தின்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“நிஜமா பட்டாணியா?”

“பட்டாணிதான்” என்றார் பட்டாணி. தன் பெயரைச் சொன்னதாக வைத்துக்கொண்டார்.

மேலாளரும் ஒரு வாய் எடுத்தார். “இதை எட்டு மாசமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பதினாறு வருஷமாச்சு” என்றார் அம்மையார். “எனக்குப் பால் ஒத்துக்காது. ஒரு சொட்டு உள்ள போனாலும் உடம்பெல்லாம் தடிச்சிடும்.”

அடுத்த ஸ்பூன் உள்ளே போனது.

பட்டாணி கையை நீட்டினார். “கொடுங்க, உருகிடுச்சு. வேற கொண்டுவர்றேன்.”

“உருகினாத்தான் எனக்குப் பிடிக்கும்.”

“அதுல ஏதோ தூசி மாதிரி…”

“எங்க?” தேடிக்கொண்டே இன்னும் இரண்டு ஸ்பூன் தின்றார்.

“ரொம்பச் சாப்பிடாதீங்க மேடம்.”

“சாப்பிட்டா என்ன ஆயிடும்? பட்டாணிதானே?”

கப் காலியானது. அம்மையார் ஒரு கையால் பேனாவை எடுத்தார். இன்னொரு கையால் கழுத்தைச் சொறிந்தார்.

பட்டாணி மேலாளரை நடைவழிக்கு இழுத்துப் போனார்.

“அது பால் ஐஸ்கிரீம் மேடம்.”

“எது?”

“அவங்க வயித்துல இருக்கறது.”

“எங்கேருந்து வந்துது?”

“தெருமுனைக் கடை.”

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் தாங்கியது.

“நான் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். டாக்டரையும் கூப்பிடறேன். எவ்வளவு பால் போயிருக்குன்னு அவர் கேப்பார். கடைக்காரர்கிட்ட ஓடிப் போய்க் கேட்டுட்டு வாங்க.”

“அப்போ என் வேலை?”

“முதல்ல அவங்க பிழைக்கட்டும். உங்களை அப்புறம் கொல்றேன்.”

பட்டாணி வெள்ளைக் கோட்டோடும் தலையில் வலைத்தொப்பியோடும் தெருவில் ஓடினார். கடைக்காரர் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். தினமும் வரும் ஆளை அவர் இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

“அண்ணே, உங்க ஐஸ்கிரீம்ல எவ்வளவு பால் இருக்கு? மறைக்காம சொல்லுங்க. உயிர் சமாச்சாரம்.”

கடைக்காரர் கோட்டைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“தினம் ஒரு டப்பா வாங்கிட்டுப் போறப்பவே நினைச்சேன், நீங்க சோதனை பண்ற ஆளுன்னு. பால் ஒரு சொட்டு கிடையாது சார். மூணு வருஷமா பட்டாணியைத்தான் அரைச்சு ஊத்தறேன். ஊரே திங்குது, ஒருத்தருக்கும் தெரியலை. உங்களுக்கு மட்டும் எப்படி சார் வாசனை தெரிஞ்சுது?”