பச்சை எரிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம்

ரகசியம் காப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இந்த வயதுக்குள் ஒரே ஒரு ரகசியத்தைத்தான் வெளியே விட்டிருக்கிறேன். என்ன, அது எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன், கீழ் டிவிசன் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டது.

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெசின் பார்க்கிறவன் நான். லீவு நாளில் தோட்டத்து இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிப்பேன். (வாசிப்பேன் என்பது என் கருத்து. "ஆடு கத்துறாப்புல இருக்கு" என்பது என் மனைவியின் கருத்து.)

அந்த வருசம் அம்மாவுக்கு ஓயாத வயிற்றுவலி. வேன் பிடித்துக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். வெளியே வந்து, "அல்சராம்மா, காரம் சேக்கக் கூடாதாம்" என்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிடா" என்றாள்.

அடுத்த மாதம் கோயில் திருவிழா. அம்மாவுக்கு ஒரு பழைய பாட்டு பிடிக்கும். நான் அதை மேடையில் வாசிக்கும்போதெல்லாம் கீழே எங்கோ கூட்டத்துக்குள் இருந்து கேட்பாள். இந்தத் தடவை மேடையை விட்டு இறங்கிப்போய் அவள் முன்னாலேயே நின்று வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுத்த திருவிழாவுக்கு அவள் இருக்கமாட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் மைக் வயர் மேடைப் படியோடு நின்றுவிடும். அதனால் ஹட்டன் டவுனில் வயரில்லாத மைக் செட் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சிங்களத்தில் "ஹரிம லேசி" என்றார். ரொம்பச் சுலபமாம்.

செட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்று சத்தத்தை அனுப்புகிற பெட்டி. அதை இடுப்பில் சொருகி, அதன் குட்டி மைக்கை ட்ரம்பெட்டின் வாயில் கவ்வ விடவேண்டும். மற்றது வாங்குகிற பெட்டி. அதை சவுண்ட்காரரின் மிக்சரில் குத்த வேண்டும். விளக்கத்தாள் முழுக்கச் சீன எழுத்து. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எங்கள் ஃபேக்டரிப் பலகையில் சிவப்பு எரிந்தால் மெசின் ஓடுகிறது, கையை வைக்காதே. பச்சை எரிந்தால் நின்றுவிட்டது, பயமில்லை. இருபது வருசமாக அந்த லைட்டைப் பார்த்து வேலை செய்துதான் என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. மெசின் என்றால் எல்லாம் மெசின்தானே.

திருவிழா அன்று காலை பெட்டியின் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு எரிந்தது. ஓடுகிறது என்று முதுகுப்பக்கம் சொருகிச் சட்டையை மேலே இழுத்துவிட்டேன். ஊதினால் ஹார்ன் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. மிக்சரில் எல்லாத் திருகையும் திருகினேன், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினேன், கடைசியில் பிள்ளையாரைக் கும்பிட்டேன். லிந்துலையிலிருந்து வந்திருந்த சவுண்ட்காரர் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, வாங்குற பெட்டி எம் இரும்புப் பொட்டிக்குப் பின்னால கெடக்கு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கணும். ஒசரத்துல கட்டுங்க" என்றார். பந்தல் கம்பத்தின் உச்சியில் கட்டினேன். சத்தம் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் என் முதுகில் சிவப்பு பச்சையாக மாறியிருக்கிறது. முதுகில் எனக்குக் கண் இல்லை.

பகல் பூசை முடிந்து மூன்று பாட்டு வாசித்தோம். அடுத்தது அம்மாவின் பாட்டு. அதற்குள் கோயில் தலைவர் பேச எழுந்துவிட்டார். டயகமவில் கட்டிக்கொடுத்த அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்து, கோயிலுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பெட்டியை இழுத்துப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். பச்சை. நின்றுவிட்டது. (இந்தப் பெட்டியில் பச்சை என்றால் சத்தம் போகிறது என்பதையும், மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன செய்ய.) ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

பின்னால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"இவரு எப்பதான் முடிப்பாரு?" என்றாள் அக்கா.

"அந்தாளு மைக்கப் புடிச்சா லேசுல வுடமாட்டாருக்கா. சோறு ஆறிப்போயிரும்."

முன்பக்கம் கொல்லென்று சிரிப்புக் கேட்டது. தலைவருக்குக்கூட ஜோக் சொல்ல வருகிறதே என்று நினைத்தேன்.

"சரி, டாக்டர் என்னா சொன்னாரு? போன்ல மழுப்புற. மொகத்தப் பாத்துச் சொல்லு."

"கேன்சர்க்கா. ஒண்ணும் செய்ய ஏலாதாம். தீவாளி வரைக்கும் இருந்தா பெரிசாம்."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அல்சருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் தொறந்துராத, தோட்டத்துக்கே தெரிஞ்சுபோயிரும்."

எதிர்மலையில் பட்டு ஒரு குரல் "போயிரும்" என்று திரும்பி வந்தது. தலைவரின் பேச்சு நின்றிருந்தது. பிளேன்டீ குடிக்கப் போயிருந்த சவுண்ட்காரர், கையில் கோப்பையோடு ஓடி வந்தார். "அண்ணே, அமத்துங்கண்ணே" என்று என் இடுப்பைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

கம்பத்தின் உச்சியில் கட்டியது நான்தான். காலையில் பத்தடிக்கு வேலை செய்யாத சாமான், கோயிலைத் தாண்டி ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

முன்னால் வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். அம்மா முன்வரிசை பிளாஸ்டிக் கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

"வாங்க அல்சரு டாக்டர்" என்றாள் அம்மா. "அல்சருக்கு எவன்டா கண்டி வரைக்கும் வேன் புடிப்பான்? எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அழுவேன்னுதான் சும்மா இருந்தேன். நின்னது போதும், எம் பாட்டு இன்னும் வரல."

மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு அவள் முன்னால் நின்று வாசித்தேன். அழுதுகொண்டு ட்ரம்பெட் வாசிக்கக் கூடாது, உதடு நிற்காது. பாதி காற்று, பாதி ஆடு. அம்மா கடைசி வரை தலையாட்டிக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு டிவிசனிலிருந்தும் கஞ்சியும் இளநீரும் வந்தன. சோறு ஆறிப்போகும் என்று நான் கேலி செய்த தலைவர், ஆறாத சோறு என்று சொல்லிக்கொண்டு கேரியரோடு வந்தார். அம்மா தீபாவளியைத் தாண்டினாள், தைப்பொங்கலையும் பார்த்தாள். வீட்டில் யாராவது குசுகுசுத்தால் போதும், படுத்த இடத்திலிருந்தே, "அங்க என்னா எரியுது, பச்சையா செவப்பா?" என்பாள். பச்சை என்றால் எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். எங்கள் வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது.

அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அம்மா என் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பெட்டியைத் தேடுகிறாள் என்று புரியச் சற்று நேரமானது.

"செவப்புதானே?"

"செவப்புத்தாம்மா."

என் காதைக் கிட்டே இழுத்து, "பயமா இருக்குடா" என்றாள். "அக்காகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன். அக்கா இதைப் படித்துவிட்டு போன் எடுப்பாள், ஹலோ சொல்லுவதற்குப் பதிலாக வழக்கம்போல "பச்சையா செவப்பா?" என்று கேட்பாள். "எனக்கு மறுபடியும் லைட் மாறிப்போச்சுக்கா" என்று சொல்ல வேண்டும்.