சிவப்பு அரளி எந்தக் கல்லூரி?

இல்லாத வீட்டில்தான் சண்டை வரும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், பிள்ளைகளே. எங்கள் வீட்டில் சண்டை வந்ததே ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்ததால்தான்.

என் மகள் கயல்விழிக்குச் சட்டம் படிக்கப் புதுச்சேரியில் ஒரு கல்லூரியிலும் இடம் கிடைத்தது, திருச்சியில் ஒரு கல்லூரியிலும் கிடைத்தது. புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த சுரக்குடியில் நெல் விதைக்கும் பத்தாவது பாஸ் ஆசாமியான எனக்கு (கணக்கில் முப்பத்தைந்து, நான் மறைத்தாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்) தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் காபி கொடுத்ததில் எங்கள் பசுமாடே அலுத்துப்போனது.

எனக்குப் புதுச்சேரிதான். “நம்ம சர்க்காரு இருக்குற ஊரு. நம்ம புள்ள அங்கதான் படிக்கணும்” என்றேன். (நம்ம சர்க்காரைப் பார்க்கவே தமிழ்நாட்டைத் தாண்டி அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.)

என் மனைவி செல்விக்குத் திருச்சி. அங்கே அவள் தங்கை இருக்கிறாள். “புள்ளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா ஓடிப்போயிப் பாக்க ஆளு வேணாமா?”

கயலைக் கேட்டோமா? அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கடைசி நாளும் வந்தது. மாலைக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்குச் சரி சொல்லாவிட்டால் இரண்டுமே போய்விடும். “அம்மனே சொல்லட்டும். பூக்கட்டிப் பாத்துடுவோம்” என்றேன். செல்வி உடனே ஒத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே பேச்சில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு சிவப்பு அரளியையும் ஒரு வெள்ளை அரளியையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார்.

“மனசுல நெனச்சுக்கிட்டீங்களா?”

“நெனச்சாச்சு!” என்றோம் மூன்று பேரும்.

கயல் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

“புதுச்சேரி!” என்று நான் கத்தினேன்.

“திருச்சி!” என்று செல்வி அதே நேரத்தில் கத்தினாள்.

“செவப்புன்னா புதுச்சேரின்னுல்ல நான் நெனச்சேன்!”

“யாரக் கேட்டு நெனச்சீங்க?”

“மனசுல நெனக்கிறதுக்கும் ஒன்னையக் கேக்கணுமா?”

“வாயத் தொறந்து சொல்லியிருந்தா முத்தா உதுந்துரும்?”

அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். என் கட்சியில் என் கூடப்பிறந்த தம்பிகூட இல்லை. “அம்மா தாயே, நீயே சாட்சி!” என்று நான் கையை ஓங்கிய வேகத்தில் பூசாரியின் குங்குமத் தட்டு எகிறியது. என் வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு.

“அம்மன் இன்னொரு தடவையும் செவப்புன்னு சொல்லிட்டா!” என்றது வரிசையில் ஒரு குரல்.

அப்போதுதான் கயல் நடுவில் வந்து நின்றாள்.

“அப்பா, செவப்புதான் புதுச்சேரின்னு முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“அம்மா, நீ?”

“இல்லடி.”

“அப்ப ரெண்டு பேருக்கும் சாட்சி இல்ல. நானும் ஒண்ணு நெனச்சேன். செவப்பு வந்தா நானே முடிவு பண்றதுன்னு.”

“வெள்ள வந்திருந்தா?” என்று கேட்டார் பூசாரி.

“அப்பவும் நானேதான்.”

கோயிலே சிரித்தது. “தீர்ப்பு ஆயிடுச்சு, கெளம்புங்க. பின்னாடி ஆளு நிக்கிறாங்கல்ல” என்றார் பூசாரி.

வெளியே வந்துதான் முதல்முதலாகக் கேட்டேன். “ஒனக்கு எது புடிச்சிருக்கு?”

“திருச்சிப்பா. சித்தி கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்கல்ல? அங்க படிக்கிறவங்க நெசக் கோர்ட்டு மாதிரியே எதிரும் புதிருமா நின்னு வாதாடுனாங்க. எனக்கு அங்கேருந்து வரவே மனசு இல்ல.”

சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்த பிறகு எனக்கு ஏது கட்சி? கோயில் வாசலிலேயே கைபேசியில் திருச்சிக்குச் சரி சொன்னாள். (செல்வி ஜெயித்துவிட்டதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.)

இப்போது கயல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பூக்கட்ட யார் வந்தாலும் பூசாரி இலையை மடிக்கும் முன், “எந்தப் பூவுக்கு என்னான்னு மொதல்ல சத்தமாச் சொல்லிடுங்க. குங்கும வேட்டிக்காரரு கேஸு மாதிரி ஆயிடப்போவுது” என்கிறாராம்.

நானும் திருந்திவிட்டேன். நேற்று இரவு “இட்லியா, தோசையா?” என்று செல்வி அடுப்படியிலிருந்து கேட்டாள். மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளாமல் “தோசை!” என்று சத்தமாகச் சொன்னேன்.

“எனக்கும் ரெண்டு!” என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வந்தது.