நம் மண் போய்ப் படிந்த இடம்

பெரியநாயக்கன்பாளையம்,
மார்கழி, 1997.

கடல்மேல் குடியிருக்கும் அன்பு மகன் சிரஞ்சீவி தனபாலுக்கு, கரைமேல் இருக்கும் அப்பா சென்னியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் எருமையும் சௌக்கியம். அங்கு நீயும் கப்பலும் சௌக்கியமாக மிதக்கக் கொடுமுடி ஈசுவரன் அருள வேண்டும்.

நிற்க. வீட்டில் அவசரக் காரியம் இருந்தால்தான் பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். காரியம் வந்துவிட்டது. நமக்கும் கீழ்க்காட்டு ஆறுச்சாமி மாமாவுக்கும் எல்லைத் தகராறு. நீ வந்து அளந்தால் ஒழியத் தீராது. இந்தக் கடிதத்தை அப்படியே உன் ஆபீசரிடம் காட்டு.

இதற்கெல்லாம் காரணம் நீதான். அம்மா திதிக்கு வந்திருந்தபோது தட்டில் சோற்றைக் கரையாகக் குவித்து, ரசத்தைக் கடலாக ஊற்றி, “ஆறெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போன மண்ணு கடலுக்கடியில ரொம்பத் தூரத்துக்குப் படிஞ்சு கெடக்குதுங்கப்பா. அது எத்தனை தூரம், எத்தனை கனம்னு அளந்து காட்டுனா, அந்தக் கடலடி நெலத்துல நம்ம நாடு உரிமை கேக்கலாமுங்க” என்றாய். கப்பலிலிருந்து சத்தம் விட்டு, அது அடியில் மோதித் திரும்புவதைக் கேட்டுக் கனத்தைக் கண்டுபிடிப்போம் என்றும் சொன்னாய். அளக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டீர்களா என்று கேட்டேன், சிரித்தாய். எல்லைக்கல் எங்கே நடுவீர்கள் என்றேன், அதற்கும் சிரித்தாய். ரசம் ஆறிப்போயிற்று.

ஐப்பசி மழையில் நம் மேல்காட்டு வரப்பு உடைந்து, செம்மண் மொத்தமும் மாமாவின் வெங்காயக் காட்டில் போய்ப் படிந்துவிட்டது. வேறு அப்பனாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். நான் கடலையே அளக்கிறவனைப் பெற்றவன் அல்லவா, சட்டம் உடனே ஞாபகம் வந்துவிட்டது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அவர் காட்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, சத்தம் திரும்பி வருகிறதா என்று காதை மண்ணில் வைத்துக் குப்புறப் படுத்துக் கேட்டேன். ஒன்றும் திரும்பி வரவில்லை, ஆறுச்சாமி மாமாதான் வந்தார். நான் மயங்கி விழுந்து கிடப்பதாக நினைத்து, “ஐயோ மச்சான்!” என்று அலறி ஓடிவந்து என்னைப் புரட்டிப் போட்டு, வாய்க்கால் தண்ணீரை முகத்தில் அடித்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்து, நெஞ்சில் வேறு குத்திவிட்டார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்கலாம். “எனக்கொன்னுமில்லப்பா, எங்க மண்ணு எத்தனை தூரம் வந்திருக்குதுன்னு அளக்கறேன். அதுவரைக்கும் எங்களுதான், எம்பையன் சொன்னான்” என்று சொல்லிப்போட்டேன்.

மாமா எழுந்து வேட்டியை உதறினார். “அப்படீங்களா? அப்ப உங்க மண்ணை நீங்களே அள்ளிக்கிட்டுப் போயிருங்க. வெங்காயத்தை வெச்சுட்டுப் போங்க.” இத்தனை வருஷமாக என்னை வா, போ என்று பேசியவர். அவர் ‘ங்க’ போட்டதும் நான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலமே இரண்டு காட்டுக்கும் நடுவில் இருந்த தடத்தில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்.

அதிலிருந்து அவர் கொண்டுவரும் பேப்பரும் வருவதில்லை. அதைப் படித்துவிட்டு என்னோடு சண்டை போட அவரும் வருவதில்லை. எருமையிடம் எத்தனை நேரம்தான் பேசுவது, அது பாதியிலேயே எழுந்து போய்விடுகிறது. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவதும் வீண்வேலையாகப் படுகிறது. மழை பெய்த காட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றாலும் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று. தனியாக இருக்க முடியவில்லை கண்ணு. ஆபீசரிடம் காட்டும்போது இந்த இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. கப்பல் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதே. கடலும் காற்றும் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
தகராறில் இருக்கும் அப்பா,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: இதைத் தனிச் சீட்டில் எழுதுகிறேன், ஆபீசரிடம் காட்டாதே. கவரை ஒட்டப் பருக்கை எடுக்கப் போனால் சோறே ஆக்கவில்லை. வெறும் சட்டியைப் பார்த்து நிற்கும்போது வாசலில் ஆறுச்சாமி மாமா, கையில் சோற்றுத் தூக்குப்போசி.

“ஏ மச்சான், காடு சேறாக் கெடக்குது, எதுக்கு நாள் பூரா மோட்டாரை ஓட்டறே?”

“ஊட்ல சத்தமே இல்லப்பா” என்றேன்.

அவர் தூக்குப்போசியைத் திறந்து என் முன்னால் வைத்தார். “எங்கூட்ல சுப்பாத்தா குடுத்துவிட்டா. மொதல்ல உண்ணு” என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். தடத்து முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆகவே தகராறு இல்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிழிக்காதே மச்சான். தகராறு இல்லீன்னா பையனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களே.”

போகும்போது அவரே முள்ளை மறுபடி தடத்தில் இழுத்துப் போட்டு, மிதித்து அழுத்திவிட்டு, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நீ வந்துதான் அதை எடுக்க வேண்டுமாம்.