மணிக்கு எத்தனை?

பன்னிரண்டால் பெருக்குகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே தாராளமாக உலவிக்கொண்டிருக்கிறது. எந்த வேலையையும் ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள், அதில் நடந்ததை எண்ணுவார்கள், பன்னிரண்டால் பெருக்குவார்கள், அவ்வளவுதான், ஒரு மணி நேரத்து உற்பத்தி அவர்கள் கைக்குள் வந்துவிடும். அடுக்களையில் மனைவி ஐந்து வெங்காயம் உரித்து முடிப்பதற்குள், "மணிக்கு அறுபது!" என்று பாராட்டுவார்கள். அறுபது வெங்காயம் யார் கேட்டது? பல் டாக்டரிடம் போய் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருக்கும்போதுகூட, இவர் மணிக்கு எத்தனை பல் பிடுங்குவார் என்ற கேள்விதான் அந்தத் திறந்த வாய்க்குள் சுழன்றுகொண்டிருக்கும்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் பல்பு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பெருக்கல்'. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார், அதுவும் மனமில்லாமல்.

பெருக்கலின் மனைவி வீட்டிலேயே வாசனை சோப்பு செய்து அக்கம்பக்கத்தில் விற்பவர். அவருக்கு முதல் முறையாக ஒரு பெரிய ஆர்டர் வந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு விடுதிக்கு அறுநூறு சோப்பு, நாளை மறுநாள் கொடுத்தால் போதும். சோப்பெல்லாம் தயார், இருநூறு முந்நூறு கூடுதலாகவே கையிருப்பில் இருந்தது. காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி, லேபிள் ஒட்டுவதுதான் பாக்கி. உதவிக்குத் தங்கையையும் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். அன்று பார்த்துத்தானா பெருக்கலுக்கு விடுமுறை வரவேண்டும்?

காலை ஒன்பது மணிக்கு மனைவி சுற்ற, மச்சினி நாடா கட்ட, மாமனார் லேபிள் ஒட்ட, வேலை தொடங்கியது. பெருக்கல் வாட்சை அழுத்தினார். ஐந்து நிமிடத்தில் இருபத்தைந்து சோப்பு.

"மணிக்கு முந்நூறு!" என்று துள்ளினார். "அறுநூறுக்கு ரெண்டே மணி நேரம்! இதுக்குப் போயா ரெண்டு நாள் கேட்டே?"

"இப்பதானே உக்காந்திருக்கோம். கை வலிக்கும், தாகம் எடுக்கும்…" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெருக்கல் பக்கத்து அறையில் விடுதி மானேஜரோடு போனில் இருந்தார். திரும்பி வந்தபோது முகம் பல்பு போல எரிந்தது.

"இன்னைக்கே தர்றோம்னு சொல்லிட்டேன். மனுஷன் அசந்துட்டாரு. இன்னும் இருநூறு சேத்துக் கேட்டாரு. நாலு மணிக்கு வண்டி வருது."

மனைவி கையிலிருந்த சோப்பு வழுக்கி விழுந்தது. "எண்ணூறா? ஐயோ, என்னோட முதல் ஆர்டருங்க. சொன்ன நேரத்துக்குக் கொடுக்கலைன்னா அவங்க மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாங்களா?"

"கணக்கு இருக்கும்போது கவலை எதுக்கு?"

முதல் மணி நேரத்தில் முடிந்தது நூற்றுப்பத்து. பெருக்கலுக்குக் கணக்கின்மேல் சந்தேகம் வரவில்லை, உட்கார்ந்திருந்த விதத்தின்மேல் வந்தது. மூவரையும் எழுப்பி இடம் மாற்றினார். மாமனாருக்கு நாடா, மச்சினிக்குக் காகிதம், மனைவிக்கு லேபிள். மேசையை ஜன்னலோரம் தள்ளினார். உட்கார வைத்து, கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கால் மணி நேரம் பேசினார். மாமனார் நாடாவோடு சேர்த்துத் தன் சுண்டுவிரலையும் கட்டிக்கொண்டார். அதை அவிழ்ப்பதற்குள் மூவரும் சிரித்து மாய்ந்தார்கள். இரண்டாவது மணியில் தொண்ணூற்றைந்து.

"காரணம் கண்டுபிடிச்சாச்சு," என்றார் பெருக்கல். "சிரிப்பு. ஒரு தடவை சிரிச்சா நாலு சோப்பு நஷ்டம். இனிமே யாரும் சிரிக்கக் கூடாது."

ஒரு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? மூவரும் குனிந்த தலை நிமிராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அப்போது பெருக்கல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பீரமாகத் திரும்பி நடந்தார். காற்றில் பறந்து நாற்காலியில் கிடந்த ஒரு லேபிள், அவர் சற்றுமுன் அதில் உட்கார்ந்து எழுந்ததில், பேன்ட்டின் பின்பக்கம் நடுநாயகமாக ஒட்டிக்கொண்டிருந்தது: 'மிக மென்மையானது. மெதுவாகக் கரையும்.'

மச்சினியிடமிருந்து குக்கர் விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. மாமனார் மேசையில் கவிழ்ந்தார். மனைவி அழுதுகொண்டே சிரித்தார். "நாலு! எட்டு! பன்னண்டு!" என்று பெருக்கல் நஷ்டத்தை எண்ண எண்ண, சிரிப்பு கூடிக்கொண்டே போனது. மூன்றாவது மணியில் நாற்பது.

ஆக, நண்பகலில் கையில் இருந்தது இருநூற்று நாற்பத்தைந்து. பாக்கி ஐந்நூற்று ஐம்பத்தைந்து. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெருக்கலுக்கு மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. ஒரு மணி ஆனதும் மனைவிதான் பேசினார்.

"இங்க பாருங்க, நாடா தீந்துடும் போல இருக்கு. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துடுங்க. இதே நீலம்தான் வேணும். நாலு கடை ஏறி இறங்கியாவது பாருங்க."

நாலு கடையல்ல, ஒன்பது கடை ஏறி இறங்கி, வியர்வை வழிய மூன்று மணிக்குத் திரும்பினார் பெருக்கல். உள்ளே மூவரும் ஏதோ கதை பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கைகள் மட்டும் தன்பாட்டில் பறந்துகொண்டிருந்தன. மேசை கொள்ளாமல் தரையிலும் சோப்பு. எண்ணிப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் நானூறு! அலமாரியைத் திறந்தார். நீல நாடா கட்டுக்கட்டாக இருந்தது.

ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பழக்கம் விடுமா? தான் இல்லாதபோது மணிக்கு இருநூறு. தான் இருந்தபோது மணிக்கு எண்பத்திரண்டு, அதுவும் தாராளமாகப் போட்டால். இருநூறிலிருந்து எண்பத்திரண்டைக் கழித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கழித்தல் அவருக்கு நெஞ்சில் குத்தியது.

"நான் இங்க இருந்தா மணிக்கு நூத்திப்பதினெட்டு சோப்பு குறையுது," என்றார் தணிந்த குரலில்.

மச்சினி விரல் விட்டு எண்ணினாள். "பாக்கி நூத்தியம்பத்தஞ்சு. நீங்க இருந்தா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். இல்லைன்னா முக்கால் மணி. நாலு மணிக்கு வண்டி. அத்தான்…"

அத்தான் தானாகவே எழுந்தார். மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு சிரிப்புக்கும் எழுந்து ஓடப்பார்த்த கால்களை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதன் சும்மா உட்காருவது எவ்வளவு கடினமான வேலை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. எண்ணூறும் ஏறியது. மானேஜர் போனிலேயே அடுத்த ஆர்டரையும் சொல்லிவிட்டார். மனைவி படிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் தலை சாய்த்தார்.

"கோபமா?"

"எனக்கா? உனக்குத்தான் இருக்கணும்."

பின்னாலேயே வந்த மாமனார், "மாப்பிள்ளே, கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க!" என்றார். "நீங்க வெளிய இருந்தா நூத்திப்பதினெட்டு கூடுது. அப்போ அந்த நூத்திப்பதினெட்டும் நீங்க பண்ணதுதானே? எங்க மூணு பேர்ல யாரும் தனியா அவ்வளவு பண்ணலையே!"

பெருக்கல் யோசித்தார். முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது.

"அடுத்த ஆர்டருக்கு எட்டு மணி நேரம் வெளியூர் போயிடறேன்," என்றார். "தொள்ளாயிரத்து நாப்பத்துநாலு!"

சரி, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? வங்கி வரிசையில் முன்னால் நிற்கும் தலைகளை எண்ணி, தலைக்கு இத்தனை நிமிடம் என்று பெருக்கி, பக்கத்து வரிசைக்குத் தாவி, பிறகு பழைய வரிசை விறுவிறுவென்று நகர்வதைப் பார்த்துப் பல்லைக் கடித்தது யார்? போகட்டும். உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில், "கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன்" என்று மிகுந்த அன்போடு சொன்னார்களா? சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்களா?