வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு

அபூர்வப் பறவையைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் எழுந்து காட்டுக்குப் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த இனத்தைப் பார்க்க அவ்வளவு பாடு வேண்டாம். எந்தப் பெரிய ஊரின் ரயில் நிலையத்துக்கும் போங்கள். இரண்டு சூட்கேஸுக்கு நடுவில் மனைவியை நிறுத்திவிட்டு, நிலையத்துக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் மலர, "வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று ஒருவர் சொல்வார். அவரேதான்.

தாமதமாக வருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம், ஊருக்கு ஊர் மலிந்து கிடப்பது. இவர் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டு வண்டியைத் தவறவிடுகிறவர். அதற்குத் தனித் திறமை வேண்டாமா?

நாம் பார்க்கப்போகிறவர் கணக்கு வாத்தியார். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எங்கே சந்திக்கும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். தானும் ஒரு ரயிலும் சந்திக்கிற கணக்கு மட்டும் அவருக்குப் பிடிபட்டதில்லை.

செருப்பு வார் அறுந்தால் தெருமுனையில் தைக்கக் கொடுக்க மாட்டார். "ஸ்டேஷன் பக்கம் போறப்ப பாத்துக்கலாம்." நின்றுபோன கைக்கடிகாரம், கம்பி ஒடிந்த குடை, நகல் எடுக்க வேண்டிய சாவி, காதை மூடிய தலைமுடி எல்லாமே ஊருக்குக் கிளம்பும் நாளுக்காகத் தவம் கிடக்கும். நிலையத்துக்குப் பின்னால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வருடக்கணக்கில் அந்த ஊரிலேயே குடியிருந்தும், ரயிலேறும் நாட்களில் மட்டும் அதைத் தவணை முறையில் பார்த்துவருகிறார். போன பயணத்தில் கற்காலம் முடிந்தது.

அவர் மனைவி ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுத்து உட்கார வைக்கும் வேலை. நாளெல்லாம் ஊரைக் காக்க வைப்பவள், லீவு நாளில் தானே காத்து நிற்கிறாள். அவள் அண்ணன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கிளம்பினார்கள். நேரம் இருக்கிறதே என்று அவர் மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறினார். தங்கள் வண்டி புறப்பட்டுப் போவது அங்கிருந்து வெகு அழகாகத் தெரிந்ததாம். அண்ணன் வீட்டுக் கல்யாணப் படத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் இன்றைக்கும் ஒரு பூச்சாடி நிற்கிறது. அந்தச் சாடியை எடுத்து யார் தலையில் போடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

நாளைக் காலையில் தங்கைக்குக் கல்யாணம். "அக்கா, எனக்கும் பூச்சாடியை அனுப்பிடாத" என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அது சுருக்கென்று தைத்தது. அக்கா ஒரு முடிவோடு நிலையத்துக்கு வந்திருந்தாள்: வண்டி வந்ததும் ஏறிவிடுவது, அவர் வந்தால் வரட்டும்.

வழக்கப்படி அவர் மறைந்தார். வண்டி வந்தது. சூட்கேஸ்களை இழுத்துப் போட்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரில்லாமல் கல்யாண வீட்டில் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அதிசயம், முடி வெட்டிய தலையும் கம்பி மாற்றிய குடையுமாக அவர் வந்து நின்றார்.

"பாத்தியா? எதுக்கெடுத்தாலும் பயம் உனக்கு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

கால் மணி நேரம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவள் காதில் தேனாக விழுந்தது. இத்தனை வருடம் இந்த நிலையத்துக்கு வந்தும் சூட்கேஸைத் தவிர எதைப் பார்த்திருக்கிறாள்? அதோடு, தங்கைக்கு வாங்கிய பரிசைச் சுற்ற வண்ணத்தாள் வாங்க மறந்துபோயிருந்தது.

"இதோ வந்துடறேன்."

"எங்க போற?"

"வண்டிக்குத்தான் நேரம் இருக்கே."

இனி அவரைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து யாருக்காகவும் காத்திராத மனிதர். உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்து சூட்கேஸ்களை எண்ணினார். இரண்டே இரண்டுதான், இருந்தும் எண்ணினார். போகிறவருக்குக் கால் மணி நேரம் என்பது ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கு அது முற்றிலும் வேறு என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத பாடம். எதிர் இருக்கைக்காரரிடம், பெண்களுக்கே நேர உணர்வு கிடையாது என்று முறையிட்டார்.

அங்கே அவள் வண்ணத்தாள் வாங்கினாள். தாள் என்றால் நாடா வேண்டாமா? நாடாக் கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை. ஒரு கண்ணாடியில் அவள் ஒல்லியாகத் தெரிந்தாள். அதை விட்டுச் சட்டென்று வந்துவிட முடியுமா?

வண்டி ஊதியது.

மனைவியில்லாமல் மனைவியின் தங்கை கல்யாணத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்று வாத்தியார் நினைத்துப் பார்த்தார். இரண்டு சூட்கேஸையும் வாரிக்கொண்டு கீழே குதித்தார். அதே நொடியில், வண்ணத்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்த அவளை, கடைசிப் பெட்டியின் வாசலில் நின்ற யாரோ கைபிடித்து ஏற்றிவிட்டார்கள்.

பெட்டி பெட்டியாக நடந்து அவள் தன் இடத்துக்கு வந்தபோது இருக்கையில் குடை மட்டும் இருந்தது. "உங்களத் தேடித்தாம்மா இறங்கினாரு" என்றார் எதிர் இருக்கைக்காரர். போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"வண்டியில. நீங்க?"

அவள் திட்டு வாங்கத் தயாரானாள்.

"அடுத்த வண்டி ராத்திரிதானாம்" என்றார். பிறகு, மெல்ல மெல்ல, அந்தக் குரலில் ஒரு வெளிச்சம் ஏறியது. "நேரம் இருக்கு. பைங்களை லக்கேஜ் ரூம்ல போட்டுட்டு மியூசியத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

தங்கை வீட்டுப் படத்தில் அக்கா இருக்கிறாள். இரவல் உடை கொஞ்சம் இறுக்கம். கையில் வெறும் வண்ணத்தாள். பரிசு லக்கேஜ் ரூமில். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில், கணவர் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பூச்சாடி. ராத்திரி வண்டி என்னாயிற்று என்று கேட்காதீர்கள். இரும்புக் காலம் வரைக்கும் பார்த்துவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். அவளும் அந்தக் கால் மணி நேரம் கைக்கு வரும்வரை இந்த இனத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள்தான். அதிருக்கட்டும், இதை எங்கே நின்று படிக்கிறீர்கள்? நிலையத்துப் புத்தகக் கடையிலா? வாங்காமல், பக்கத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, இது முடிந்ததும் போய்விடலாம் என்றா? கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அதோ நகர்கிற அந்த ஜன்னலில் கையை ஆட்டுகிறவர் உங்கள் வீட்டு ஆள் மாதிரி இல்லை?