ஆகாயத்தாமரையோடு கரையேறிய கதை

ஊரில் ஆறு ஓடுகிறது என்று சொன்னாலே போதும், நமக்கு நீச்சல் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்து, ஓசூருக்கு லேத் ஓட்ட வந்த நானும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. (படித்துறையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு குளித்தவன் நான்.)

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஏரி. யாராவது சொன்னால்தான் ஏரி என்றே தெரியும். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. ஏரியை மண் போட்டு மூடிவிட்டு லாரி நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திருபது பேர் அரிவாளோடு கிளம்பினோம். என் மனைவி சுமதி முதல் ஆள். அவள் போகிறாளே என்று நானும் போனேன். ஆனால் இந்த வாரம் அறுத்த இடத்தை அடுத்த வாரத்துக்குள் செடி மூடிவிடும். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"கரையில நின்னு அறுத்தா ஆகாது. உள்ள போய் வெட்டி விடணும். நீச்சல் தெரிஞ்ச ஆள் யாரு?" என்றார் நாகராஜ். எங்கள் குழுவின் தலைவர்; ஃபேக்டரியில் எனக்கு சூப்பர்வைசர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுமதி பெருமையாகப் பார்த்தாள். அதுதான் வினை.

இடுப்பில் கயிறு கட்டினார்கள். மறுமுனை வெங்கடேசப்பாவின் டிராக்டரில். அவர் ஏரிக்குக் கீழே தக்காளி போடுகிறவர். அறுத்த செடியை அள்ளிப்போக வந்திருந்தார். "நிதானா சார், நிதானா" என்றார்.

நிதானமாகத்தான் போனேன். நிதானமாகவே உள்ளே இறங்கிவிட்டேன். நெஞ்சு வரை தண்ணீர், முழங்கால் வரை சேறு. பயத்தில் மீதிக் கயிற்றை ஒரு பெரிய செடிக்கூட்டத்தோடு சேர்த்துச் சுற்றி, அதை இறுக்கி அணைத்துக்கொண்டு, எங்கள் குலசாமியோடு நிற்காமல் அடுத்த வீட்டுக் குலசாமியையும் கூப்பிட்டேன்.

டிராக்டர் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

"செடியை விடுய்யா, கயித்தை மட்டும் புடி" என்று கத்தினார் நாகராஜ். விடத்தான் போனேன். அதற்குள் சுமதியின் குரல் கேட்டது.

"விடாதீங்க! செடியை விடாதீங்க, மொத்தமா வருது!"

திரும்பிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டு வருவதுபோல், ஒரு பெரும் பரப்பு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அது விலகிய இடத்தில், நாங்கள் அதுவரை பார்த்தேயிராத தண்ணீர். அதில் வானம் தெரிந்தது.

கரையில் கிடந்த என்னை ஒருவரும் தூக்கவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வெங்கடேசப்பா மட்டும் குனிந்து, "இன்னொரு தடவை போறீங்களா சார்?" என்று கேட்டார்.

அதன் பிறகு எனக்குப் பதிலாக இரும்புக் கொக்கி போட்டு இழுத்தோம். மழைக்கு முன்பே ஏரி முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. கரையில் நீர்மருதும் புங்கனும் நட்டோம். ஓரத்தில் அல்லிக்கிழங்கு ஊன்றினோம். அல்லி பூத்தது, நாமக்கோழிகள் நீந்த வந்தன, லாரிப் பேச்சு போன இடம் தெரியவில்லை.

இன்றும் நான் எதிலாவது மாட்டிக்கொண்டு முழித்தால், என் மகள் "விடாதீங்கப்பா, மொத்தமா வருது" என்கிறாள். புருஷனை விட்டுவிட்டுச் செடியைக் கேட்டாயே என்று சுமதியிடம் முறையிட்டால், அவளிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"உங்களுக்குக் கயிறு கட்டியிருந்துச்சுல்ல. ஏரிக்கு யாரு கட்டினா?"